அமெரிக்காவின் கரு ஸ்டெம் செல் சண்டை: மதம் அறிவியலைத் தடுத்ததா?

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் மதவாதிகள் கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தடை போட்டார்கள் என்பது உண்மையா? எல்லா மதங்களும் இதை எதிர்க்கின்றனவா? இப்போது கருவைத் தொடாமலேயே ஸ்டெம் செல் உருவாக்க முடிகிறதே, அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: மதம் ஒரு பக்கமும் அறிவியல் மறுபக்கமும் நின்று மோதியதாகச் சொல்லப்படும் கதை சரியா? என் பதில், பெரும்பாலும் இல்லை என்பதே. தடை என்று ஒன்று நாடு முழுவதற்கும் ஒருபோதும் இருந்ததில்லை. அரசு நிதி எதற்குப் போகலாம் என்பதுதான் சண்டை. மதங்கள் ஒரே அணியில் நிற்கவும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த செயற்கைக் கருத்தரிப்பு என்ற விஷயத்தைத் தொட அரசியல்வாதிகளில் யாருக்கும் துணிவில்லை. அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கருத்தரிப்பு ஆய்வகத்தில் எம்பிரியாலஜிஸ்டாக, அதாவது கருக்களைக் கையாளும் வல்லுநராக, நீண்ட காலம் வேலை பார்த்தவன். இறையியல் படித்தவன் அல்லன். மதங்களின் நிலைப்பாடுகளைப் பற்றி நான் எழுதுவது வெளியிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் சண்டைக்குக் காரணமான அந்தப் பொருளை அன்றாடம் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கருத்தரித்து ஐந்தாம் நாளில் கரு, சுமார் நூறு முதல் இருநூறு செல்கள் கொண்ட ஓர் உருண்டை. பிளாஸ்டோசிஸ்ட் என்போம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரியது. வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஓர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறு செல் கொத்திலிருந்துதான் உடல் முழுவதும் உருவாக வேண்டும். அந்தக் கொத்தை எடுத்து வளர்த்தால், உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல் கிடைக்கும். கரு அதோடு முடிந்துபோகும். அறிவியல் தரப்பில் சிலர் இந்தக் கடைசி வாக்கியத்தை மென்று விழுங்கப் பார்த்தார்கள். அது நேர்மையல்ல. வழக்கமான முறையில் கரு அழியாமல் இந்தச் செல்கள் கிடைப்பதில்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் 1998 நவம்பரில் மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்ததை அறிவித்தார். அவர் பயன்படுத்திய கருக்கள், குழந்தைக்காகச் சிகிச்சை பெற்ற தம்பதியர் தங்களுக்குத் தேவைப்படாதவை என்று ஒப்புதல் தந்து கொடுத்தவை. பணம் ஜெரான் என்ற தனியார் நிறுவனத்திடமிருந்து வந்தது. கூட்டாட்சி அரசின் பணம் அல்ல. அதற்கு முன்பே, 1990களின் நடுவில், நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் டிக்கி-விக்கர் திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. கருவை உருவாக்கும், அழிக்கும் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கூடாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்து ஆண்டுதோறும் தவறாமல் அந்த வரிகள் புதுப்பிக்கப்படுகின்றன. கிளின்டன், ஒபாமா காலத்திலும் அதை யாரும் நீக்கவில்லை. 1999இல் அரசு வழக்கறிஞர்கள் இதற்குள் ஒரு வழி கண்டார்கள்: கருவிலிருந்து செல்லை எடுப்பதற்குத்தான் பணம் தரக் கூடாது, எடுத்த பிறகு வளரும் செல்கள் கரு அல்ல, ஆகவே அவற்றின் மீதான ஆய்வுக்குத் தரலாம். சட்டப்படி இது செல்லுபடியாயிற்று. அறத்தின்படி இது ஒரு சாமர்த்தியம் மட்டுமே என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

2001 ஆகஸ்ட் 9 இரவு அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு முடிவை அறிவித்தார். அந்த நேரத்துக்கு முன் உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல்கள்) மட்டும் அரசு நிதி உண்டு. அதன்பின் கரு அழித்து உருவாக்கப்படும் எதற்கும் இல்லை. முடிந்துபோன அழிவை மாற்ற முடியாது, புதிய அழிவை ஊக்குவிக்கவும் மாட்டோம் என்பது அவர் தர்க்கம். அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கின்றன என்றார். பின்னர் வெளியான பட்டியலில் 64 இருந்தன. அதில் பத்து நம் நாட்டைச் சேர்ந்தவை என்பது இங்கே பலருக்குத் தெரியாது: மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸில் ஏழு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் மூன்று. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் ஆய்வகத்தில் குப்பி வந்து சேர்வதும் வேறு. நடைமுறையில் விஞ்ஞானிகளின் கைக்குக் கிடைத்தவை இருபத்தொன்றுதான். எலியின் செல்களை அடியில் பரப்பி அவற்றின் மேல் வளர்க்கப்பட்டவை என்பதால், மனித உடலுக்குள் செலுத்தத் தகுமா என்ற ஐயமும் இருந்தது.

இதைத் தடை என்று சொல்வது தவறு. தனியார் பணத்தில் எவரும் எந்தக் கருவிலும் ஆய்வு செய்யலாம். மாநிலம் அனுமதித்தால் போதும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் அரசு மானியத்தில் ஓடுபவை. புதிய செல் வரிசையைத் தொட வேண்டுமானால் அரசுப் பணத்தில் வாங்காத நுண்ணோக்கி, தனி இன்குபேட்டர், தனி அறை வேண்டும். குளிர்பெட்டி முதல் பிப்பெட் வரை எது யார் காசில் வந்தது என்று கணக்கு வைத்திருந்த ஆய்வகங்கள் உண்டு. ஆய்வை முடக்க இதுவே போதும். ஆகவே ‘தடையே இல்லை’ என்று அன்றைய ஆட்சியின் ஆதரவாளர்கள் சொன்னதும் பாதி உண்மைதான்.

மதங்களுக்கு வருகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்புதான் மிகத் தெளிவானது. 2001 ஜூலையில் புஷ் இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்தபோது, திருத்தந்தை நேருக்கு நேராகவே இதைக் கண்டித்தார். பலர் நினைப்பதுபோல், ‘கருத்தரித்த கணத்தில் ஆன்மா நுழைகிறது’ என்று திருச்சபை அடித்துச் சொல்லவில்லை. 1987இல் வெளியான அதன் அறிவுறுத்தல், ஆன்மா நுழையும் தருணம் பற்றிய தத்துவக் கேள்வியில் தான் முடிவு கூறவில்லை என்றே சொல்கிறது. ஆனாலும் கருத்தரித்த நொடி முதல் மனித ஆளாகவே மதிக்க வேண்டும் என்கிறது. உறுதியாகத் தெரியாதபோது பாதுகாப்பான பக்கம் நில் என்ற வாதம் இது. நடுக்காலத்தில் தாமஸ் அக்வினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அறிவுள்ள ஆன்மா பின்னால்தான் வருகிறது என்று கருதினார் என்பதும் வரலாறு. இதை எடுத்துக்காட்டித் திருச்சபையை மடக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மடக்க முடியாது; அக்வினாஸும் தொடக்கநிலைக் கருவை அழிப்பதைக் குற்றமாகவே கண்டார். திருச்சபையின் நிலைப்பாட்டில் என்னைக் கவர்வது அதன் ஒழுங்கு. கரு ஸ்டெம் செல்லை எதிர்க்கும் அதே வாயால் செயற்கைக் கருத்தரிப்பையும் எதிர்க்கிறது. விலை கொடுக்கத் தயாராக இருக்கும் எதிர்ப்பு அது.

யூத மரபு வேறு பாதையில் போயிற்று. நாற்பது நாள் வரை கரு வெறும் நீர் போன்றது என்கிறது யூதச் சமய நெறி நூலான தல்மூத். கருப்பைக்கு வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் இருப்பதற்கு இன்னும் குறைந்த தகுதிதான். அதன் மேல், உயிர் காக்கும் கடமை பிற கட்டளைகளையெல்லாம் முந்தும் என்ற நெறி இருக்கிறது. மரபை விடாத அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் யூத அமைப்புகளே ஆதரித்தன. இஸ்லாத்தில், நபிமொழி ஒன்றின் அடிப்படையில் 120 நாளில் உயிர் ஊதப்படுகிறது என்பது பரவலான கருத்து. நாற்பது நாள் என்று கொள்வோரும் உண்டு. ஐந்து நாள் கரு இரண்டு கணக்கிலும் முன்னதாகவே வருகிறது. புஷ் தயங்கி நின்ற அதே காலத்தில், ஈரானின் ராயன் நிறுவனம் உச்சத் தலைவர் காமெனெயின் மார்க்க அனுமதியோடு சொந்தமாகக் கரு ஸ்டெம் செல் வரிசையை 2003இல் உருவாக்கியது. ‘மதம் எதிர் அறிவியல்’ என்ற சட்டகத்துக்குள் இதை எப்படிப் பொருத்துவீர்கள்?

அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளிலும் பிளவுதான். தெற்கு பாப்டிஸ்டுகள் எதிர்த்தார்கள்; பிரெஸ்பிடேரியன் திருச்சபையும் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்டும் ஆதரித்தன. இந்து மரபில் பேசுவதற்கு ஒற்றை அதிகாரபீடம் இல்லை, நூல்களும் ஒத்துப்போவதில்லை. சுக்கிலமும் சுரோணிதமும் சேரும்போதே சீவனும் சேர்கிறது என்கிறது ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. ஏழாம் மாதத்தில் சீவன் கூடுகிறது என்கிறது கர்ப்ப உபநிடதம். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதையும் நிரூபித்ததாகாது.

அரசியலில் நடந்தது இன்னும் சுவையானது, ஏனென்றால் கட்சிக் கோடும் நேராக ஓடவில்லை. யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹாட்ச், மார்மன் மதத்தவர், கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். அவரே, மனித உயிர் தாயின் வயிற்றில் தொடங்குகிறது, குளிர்பெட்டியில் அல்ல என்ற கருத்தோடு ஆராய்ச்சியை ஆதரித்தார். முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகனை அல்சைமர் நோய் தின்பதை அருகிலிருந்து பார்த்த அவர் மனைவி நான்சி ரீகனும் ஆதரித்தார். முதுகுத்தண்டு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் இதன் முகமாகவே ஆனார். 2004 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் இந்த ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் கடன் பத்திரங்களை ஒப்புக்கொண்டார்கள். கத்தோலிக்கரும் குடியரசுக் கட்சிக்காரருமான ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் அதை ஆதரித்துப் பேசினார். 2006 ஜூலையில் உபரிக் கருக்களிலிருந்து கிடைக்கும் புதிய வரிசைகளுக்கும் நிதி தரும் மசோதா செனட்டில் 63-37 என்று நிறைவேறியது. பதவிக்கு வந்து ஐந்தரை ஆண்டுகளில் புஷ் பயன்படுத்திய முதல் வீட்டோ (மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம்) அதன் மேல்தான். அன்று அவர் தம்மைச் சுற்றி நிறுத்தியிருந்தவை, வேறு தம்பதியர் கொடுத்த உறைகருக்களிலிருந்து பிறந்து வளர்ந்த குழந்தைகள். தேவையற்ற கரு என்று ஒன்றில்லை என்பதை ஒரே புகைப்படத்தில் சொல்லிவிட்டார். அரசியல் காட்சியமைப்பாகப் பார்த்தால் அதற்கு ஈடானதை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அந்தப் புகைப்படத்தின் சட்டகத்துக்கு வெளியே ஒரு பெரிய திரவ நைட்ரஜன் தொட்டி இருந்தது. 2003இல் வெளியான ராண்ட் ஆய்வு நிறுவனக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் கருத்தரிப்பு மையங்களில் சுமார் நான்கு லட்சம் கருக்கள் உறைநிலையில் இருந்தன. ஆராய்ச்சிக்கென்று பெற்றோர் ஒதுக்கியவை அதில் 2.8 சதவீதம்தான். மிகப் பெரும்பான்மை, மீண்டும் குழந்தைக்கு முயலலாம் என்று வைக்கப்பட்டவை. இந்த எண்ணிக்கை இரண்டு தரப்பையும் சங்கடப்படுத்துவது. லட்சக்கணக்கான கருக்கள் வீணாகக் கிடக்கின்றன என்று ஆதரவாளர்கள் முழங்கியது மிகை. எதிர்த்தவர்களிடமோ யாரும் உரக்கக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: பயன்படுத்தாத கருவைப் பெற்றோர் விருப்பப்படி வெளியில் எடுத்து அப்புறப்படுத்துவது எந்த மையத்திலும் வழக்கமான வேலை. ஆய்வுக்குக் கொடுத்தால் கொலை, கழுவித் தள்ளினால் கொலை இல்லையா?

நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் படிவங்களைக் கையாண்டிருக்கிறேன். கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, கடிதத்துக்கும் பதில் தராத தம்பதியர் எத்தனையோ பேர். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். முடிவெடுக்க மனம் வராமல் தள்ளிப்போட்டவர்கள்தான் மிகுதி. ‘அது குழந்தை’ என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன், ‘வெறும் செல்’ என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது இரு சாராரும் ஒரே மாதிரிதான் தயங்கினார்கள்.

கரு ஒரு மனித ஆள் என்பது உண்மையிலேயே கொள்கை என்றால் கருத்தரிப்பு மையங்களைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும். ஜெர்மனி ஓரளவு அதைச் செய்தது. நாஜிக் கால மருத்துவக் குற்றங்களின் நினைவோடு எழுதப்பட்ட அதன் 1990ஆம் ஆண்டுக் கருப் பாதுகாப்புச் சட்டம், உபரிக் கரு சேரவே விடாதபடி சிகிச்சைக்கு வரம்பு விதித்தது. அப்படிப்பட்ட ஜெர்மனியும் 2002இல், அந்த ஆண்டு பிறக்கும் முன் வெளிநாட்டில் உருவான வரிசைகளை இறக்குமதி செய்யலாம் என்று சட்டம் போட்டு, 2008இல் அந்தக் கெடு நாளையும் 2007 மே மாதத்துக்கு நகர்த்தியது. அழிவு பக்கத்து வீட்டில் நடந்தால் நமக்குப் பாவம் இல்லை என்ற இந்த ஏற்பாட்டைவிட, பிரிட்டனின் வழி எனக்கு நேர்மையாகப் படுகிறது. மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984இல், கருவை ஆய்வகத்தில் வைத்து ஆராயப் பதினான்கு நாள்தான் என்று வெளிப்படையாக ஓர் எல்லை வைத்தது. 1990இல் அது சட்டமாயிற்று. எல்லைக்குள் உரிமம் பெற்று ஆய்வு செய், தாண்டினால் குற்றம்.

அமெரிக்கா இழுத்து மூடி வைத்திருந்தது 2024 பிப்ரவரியில் அலபாமாவில் வெடித்தது. உறைகருக்கள் தவறுதலாக அழிந்த ஒரு வழக்கில், கருப்பைக்கு வெளியே இருக்கும் கருவும் சட்டத்தின் பார்வையில் குழந்தையே என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி தனியாக எழுதிய கருத்தில் விவிலியத்தை மேற்கோள் காட்டினார். மையங்கள் அஞ்சிச் சிகிச்சையை நிறுத்தின. சில வாரங்களுக்குள், கருக்கலைப்பை ஏறக்குறைய முற்றாகத் தடுத்திருந்த அதே மாநிலச் சட்டமன்றம், மையங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூனில் தெற்கு பாப்டிஸ்டுகள் செயற்கைக் கருத்தரிப்பின் நடைமுறைகளை விமர்சித்துத் தீர்மானம் போட்டார்கள். கொள்கை ஒரு பக்கம் இழுக்க, வாக்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. 2001இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தது.

விஞ்ஞானிகளின் பக்கமும் சுத்தமில்லை. சில ஆண்டுகளில் முடவர் நடப்பர் என்ற தொனியில் 2004 தேர்தல் மேடைகளில் பேசப்பட்டது. ஆய்வகத்தில் இருந்த எவருக்கும் அது நடக்காது என்று தெரியும். தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், குளோனிங் வழியாக மனித ஸ்டெம் செல் எடுத்ததாக வெளியிட்ட ஆய்வுகள் புனையப்பட்டவை என்று அம்பலமாகி 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. மறுபுறம், பெரியவர்களின் உடலிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களே 65 நோய்களைக் குணப்படுத்துகின்றன, கரு எதற்கு என்று ஒரு பட்டியல் எதிர்ப்பாளர்கள் மத்தியில் சுற்றியது. சரிபார்த்தபோது அதில் மிகச் சிலவே முறைப்படி நிறுவப்பட்ட சிகிச்சைகள்.

மூன்றாவது கேள்வி. 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், சாதாரணத் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பிக் கரு ஸ்டெம் செல் போன்றதாக மாற்றலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா காட்டினார். 2007இல் அதே சாதனையைத் தனியாகச் செய்த மற்றொரு குழு யாருடையது தெரியுமா? சண்டையைத் தொடங்கிவைத்த அதே தாம்சனுடையது. 2012இல் யமனாகாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரசியல் சூடு இதனால் பெருமளவு தணிந்தது உண்மை. 2009 மார்ச்சில் ஒபாமா புஷ்ஷின் கட்டுப்பாட்டை நீக்கியபோது எழுந்த எதிர்ப்பு முன்னளவுக்கு இல்லை. அதை எதிர்த்த வழக்கும் 2013இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது.

ஆனால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. யமனாகாவின் முறையே கரு ஸ்டெம் செல்களை ஆராய்ந்து பெற்ற அறிவின் மேல் கட்டப்பட்டது. மேலும், இன்று நோயாளிகளிடம் பலன் காட்டும் சிகிச்சைகளில் முன்னணியில் இருக்கும் சில, கருவிலிருந்து வந்த செல்களையே பயன்படுத்துகின்றன. முதல் வகை நீரிழிவுக்காக வெர்டெக்ஸ் நிறுவனம் அப்படி உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025இல் முடிவு வெளியாயிற்று. சிறிய எண்ணிக்கை, உடல் அந்தச் செல்களை நிராகரிக்காமலிருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தும் எடுக்க வேண்டும், நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு இரண்டு வழியிலும் சோதனைகள் நடந்திருக்கின்றன: அமெரிக்காவில் கரு ஸ்டெம் செல், கியோட்டோவில் யமனாகா செல். எது நிலைக்கும் என்று இப்போது பந்தயம் கட்டுபவரை நம்பாதீர்கள்.

உயிரியல் எதைத் தீர்த்துவைக்கும், எதைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் கரு உயிருள்ளது, மனித இனத்தைச் சேர்ந்தது, தனக்கென மரபணுத் தொகுதி கொண்டது, இவற்றில் ஐயமில்லை. அதற்கு நரம்பு இல்லை, வலி இல்லை, இதிலும் ஐயமில்லை. பதினான்காம் நாளையொட்டி முதுகுக் கோட்டின் முதல் கீற்று தோன்றும் வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம் என்பதும், கருத்தரித்தவற்றில் பெரும்பங்கு இயற்கையிலேயே பிறப்பு வரை வருவதில்லை என்பதும் உண்மை. இவற்றைக் கூட்டிக் கழித்து ‘ஆகவே அது ஆள் அல்ல’ என்றோ ‘ஆகவே ஆள்தான்’ என்றோ விடை எழுத நுண்ணோக்கியால் ஆகாது. கரு வளர வளர நம் கடமையும் வளர்கிறது, ஐந்தாம் நாளில் அது சிறியது, ஆனால் பூஜ்யம் அல்ல என்பது என் எண்ணம். பெற்றோர் மனமறிந்து கொடுத்த உபரிக் கருவை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். ஆய்வுக்கென்றே கரு உருவாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. என்னோடு பணியாற்றிய நல்ல விஞ்ஞானிகள் இரு பக்கமும் இருந்தார்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே இந்த விவாதம் தெருவுக்கு வரவே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் பதினான்கு நாள் எல்லையை ஏற்கின்றன. செயற்கைக் கருத்தரிப்பு தொடர்பான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவைப் பத்தாண்டு வரை உறைநிலையில் வைக்கலாம். அதன்பின் அழிய விட வேண்டும், அல்லது தம்பதியரின் ஒப்புதலோடு ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். நமக்கு உண்மையான தலைவலி வேறு: ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசம் முதல் முழங்கால் வலி வரை தீரும் என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள். 2017 வழிகாட்டுதலின்படி, நிறுவப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை என்பது இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று மட்டுமே. மற்றவை ஆய்வு, ஆய்வில் சேருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு சிகிச்சையைப் பரிந்துரைத்தால், எந்தப் பதிவு பெற்ற சோதனையின் கீழ் தருகிறீர்கள் என்று கேட்டு அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்; தரத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.